எங்க கெணத்த பத்தி பேசுங்க: ஒரு கம்பெனி நிர்வாகத்துக்கு திறந்த மடல்

கம்பெனி நிர்வாகத்துல இருக்குற எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கெணத்து தண்ணி மஞ்சளா மாறியிருக்கு, அத பத்தி தான் இந்த மடல்.

உங்க கம்பெனி பேர இதுல போடல, எங்க ஊரு பேரையும் போடல. ஓசூர் பக்கம் பிளேட்டிங் லைன், அதாவது பார்ட்ஸ் மேல குரோமியம், நிக்கல் மாதிரி உலோகம் பூசுற எடம், வெச்சிருக்குற ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, அதுக்கு கீழப்பக்கம் ஒரு ஊரு, இவ்வளவு சொன்னா உங்களுக்கு புரிஞ்சிடும். டெஸ்ட் முழுசா முடியறதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி பேர ஊரெல்லாம் பரப்புறது நியாயமில்லன்னு எங்க பெரியவங்க சொன்னாங்க, எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு, அதோட உங்க கம்பெனில ஷிப்ட் பாக்குறது எங்க வீட்டு புள்ளைங்க தான், நாளைக்கு அவங்களுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது. ஆனா உங்களுக்குள்ள ஒரு மெயில்ல பேசி முடிச்சுக்குற விஷயமாவும் இத விட முடியாது, அதனால தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல நீங்க ஒட்டுன நோட்டீஸ நாங்க எல்லாரும் படிச்சோம். குடிக்க தினமும் கேன் தண்ணி தர்றோம், ஊருக்கு ஒரு ஆர்ஓ பிளான்ட் வெச்சு குடுக்குறோம், மெடிக்கல் கேம்ப் நடத்துறோம், எங்க கம்பெனி தண்ணி எல்லா அளவுக்கும் உட்பட்டு தான் இருக்கு, ஊர் மக்கள் வதந்திய நம்ப வேண்டாம், இவ்வளவும் இருக்கு. கேன் தண்ணிக்கு நன்றி, அத நான் மறைக்க மாட்டேன், இன்னைக்கு எங்க வீட்டு கொழந்தைங்க குடிக்கிறது அது தான். ஆனா அந்த நோட்டீஸ் முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் தேடி பாத்தேன், கெணறுன்னு ஒரு எடத்துல கூட இல்ல. பிரச்சனை ஆரம்பிச்சதே கெணத்துல தானுங்க. மஞ்சளா மாறுனது கெணத்து தண்ணி. அத பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல.

நோட்டீஸோட ஒரு லேப் ரிப்போர்ட் காப்பி ஒட்டியிருந்தீங்க, எல்லா வரியிலயும் பாஸ். அத போட்டோ எடுத்துட்டு போய் எங்க ஊருல கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணுகிட்ட காட்டினோம். அந்த பொண்ணு மொதல்ல பாத்தது நம்பர இல்ல, மேல சாம்பிள் எடுத்த எடம்னு இருக்குற வரிய. அதுல ஈடிபி அவுட்லெட்னு போட்டிருக்கு. அதாவது உங்க சுத்திகரிப்பு பிளான்ட்ல இருந்து வர்ற தண்ணி, எங்க கெணத்து தண்ணி இல்ல. காய்ச்சல் எங்க கொழந்தைக்கு, நீங்க உங்க வீட்டு கொழந்தைக்கு டெம்பரேச்சர் பாத்துட்டு நார்மல்னு சீட்டு எழுதி எங்க கைல குடுத்திருக்கீங்க.

சரி அந்த ரிப்போர்ட்டே என்ன சொல்லுதுன்னும் பாத்தோம். பாஸ்னு சொல்றது எந்த அளவ வெச்சுன்னா, தொழிற்சாலை கழிவுநீர ஆறு ஓடையில விடுறதுக்கு மத்திய அரசு 1986 சுற்றுச்சூழல் விதியில வெச்சிருக்குற அளவு. அதுல மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், நிக்கல் 3 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். குடிக்கிற தண்ணிக்கு ஐஎஸ் 10500னு தனியா ஒரு அளவு இருக்கு, அதுல குரோமியம் 0.05, நிக்கல் 0.02. கணக்கு போட்டு பாருங்க, உங்க ரிப்போர்ட்ல பாஸ் ஆகுற தண்ணியில நாங்க குடிக்கிற அளவுக்கு மேல குரோமியம் 40 மடங்கு இருக்கலாம், நிக்கல் 150 மடங்கு இருக்கலாம், அப்பவும் அது பாஸ் தான். உங்க இன்ஜினியருங்களுக்கு இது தெரியாம இருக்காது. தெரிஞ்சும் அந்த பேப்பர படிப்பு குறைவா இருக்குற ஜனங்க முன்னாடி ஒட்டி தண்ணி நல்லாருக்குன்னு சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது. இன்னொண்ணும் இருக்கு, அதே நோட்டீஸ்ல நாங்க ஒரு சொட்டு கூட வெளிய விடுறதில்ல, எல்லாத்தையும் திருப்பி பயன்படுத்துறோம்னு எழுதியிருக்கீங்க. ஒரு சொட்டும் வெளிய வரலன்னா வெளிய விடுற தண்ணிக்கான அளவுல எதுக்கு பாஸ் போடணும், அந்த அவுட்லெட் எங்க போய் முடியுது, இத நேருக்கு நேர் விளக்கி சொல்லுங்க.

அடுத்தது உங்க ஆபீஸர் மீட்டிங்ல சொன்னது, இந்த ஏரியாவுல ஃபுளோரைடு இயற்கையாவே இருக்கு, தண்ணி ஆதியில இருந்தே சரியில்ல, அதுக்கு கம்பெனி என்ன பண்ணும்னு. ஃபுளோரைட பத்தி தருமபுரி கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு யாரும் வந்து சொல்லி குடுக்க வேண்டியதில்லங்க. எங்க தாத்தா காலத்து ஆளுங்க பல்லுல காவி கறை இருக்கும், நடு வயசுலயே முட்டி மடங்காம நடந்தவங்கள நாங்க பாத்திருக்கோம், அந்த பாறையில இருந்து வர்ற தண்ணிக்கு மாத்தா தான் ஜப்பான் கடன் வாங்கி 1,928 கோடி ரூபாய்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் கொண்டு வந்தாங்க, 2013ல தண்ணி விட்டாங்க, அந்த திட்டத்து பேருலயே ஃபுளோரோசிஸ் தணிப்புன்னு இருக்கு. ஆனா ஃபுளோரைடுக்கு நெறம் கெடையாது, வாசனை கெடையாது, ருசி கூட பெருசா மாறாது. அது இருக்குன்னு டெஸ்ட் பண்ணா தான் தெரியும், இல்ல பல்ல பாத்தா தெரியும். எங்க தண்ணி மஞ்சளா இருக்குங்க. வெள்ள பிளாஸ்டிக் பக்கெட்ல புடிச்சு வெச்சா நல்லா தெரியுது, மோட்டார் ரொம்ப நேரம் ஓடுனா இன்னும் தெரியுது. குரோமியத்துல ஆறு இணைதிறன் குரோமியம்னு (ஹெக்ஸாவேலன்ட்) விஷம் அதிகமான ஒரு வகை இருக்கு, அது தண்ணியில கரைஞ்சா மஞ்சளா இருக்கும், அது நீங்க பிளேட்டிங்ல பயன்படுத்துற சரக்கு தானே. கண்ணுக்கு மஞ்சள் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே அது குடிக்கிற அளவ தாண்டியிருக்கும், அதனால இப்ப தெளிவா இருக்குற பக்கத்து கெணறுங்களையும் நல்லாருக்குன்னு நம்பி விட முடியல.

எங்க காம்பவுண்டுக்கும் உங்க கெணத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கு பாருங்கன்னும் சொன்னாங்க. மணல் பூமியா இருந்தா தூரத்த வெச்சு ஏதாவது பேசலாம். இது பாறை பூமி. இங்க தண்ணி மண்ணுல பரவி வர்றதில்ல, பாறை வெடிப்புக்குள்ள ஓடி வருது, வெடிப்பு எந்த பக்கம் போகுதோ அந்த பக்கம் தண்ணி போகும், பக்கத்துல இருக்குற போர்ல ஒண்ணும் இல்லாம தள்ளி இருக்குற கெணத்துல வந்து நிக்கும். எங்க சித்தப்பா கெணறு வெடி வெச்சு எறக்குனது, ஊத்துக்கண்ணு எந்த செவத்துல இருக்குன்னு எறங்கி வேலை செஞ்சவங்களுக்கு இன்னைக்கும் தெரியும். மேலப்பக்கத்து பாறையில கை நுழையற அளவு ஒரு வெடிப்பு, தண்ணி அதுல இருந்து தான் வருது, கோடையில தண்ணி எறங்கும்போது எட்டி பாத்தா அந்த வெடிப்புக்கு கீழ பாறை மேல பச்சையும் மஞ்சளுமா ஒரு கோடு வழிஞ்ச மாதிரி படிஞ்சிருக்கு. மத்த மூணு செவத்துலயும் அது இல்ல. உங்க காம்பவுண்ட் இருக்குறது மேலப்பக்கம். இது போதுமான ஆதாரம்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரு ஜியாலஜிஸ்ட்ட கூட்டிட்டு வந்து எட்டி பாக்க வேண்டிய விஷயம் தானே. இதுவரைக்கும் உங்க பக்கத்துல இருந்து ஒரு ஆள் கூட அந்த கெணத்து மேட்டுல வந்து நிக்கல.

நாங்க தான் காரணம்னு நிரூபிங்கன்னு உங்க வக்கீல் கேட்டாரு. நானும் விசாரிச்சேன். நம்ம பாலாறு தோல் தொழிற்சாலை வழக்குல, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட கேஸ், 1996ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, மாசு பண்ணவங்க தான் சரி பண்ற செலவ ஏத்துக்கணும், தன்னோட தொழிலால கெடுதல் இல்லன்னு நிரூபிக்கிற பொறுப்பும் தொழில் பண்றவங்களோடது தான்னு. 1974 தண்ணீர் சட்டத்துல 24வது பிரிவு ஓடையில, கெணத்துல, நெலத்துல விஷம் கலக்குறத விடக்கூடாதுன்னு சொல்லுது, கெணறுன்னு சட்டத்துலயே பேர் சொல்லி எழுதியிருக்காங்க, உங்க நோட்டீஸ்ல தான் அது இல்ல.

கேன் தண்ணிக்கு வர்றேன். 20 லிட்டர் கேன் வீட்டுக்கு ஒண்ணு. குடிக்க போதும், சமையலுக்கு இழுத்து புடிச்சா போதும். ஆனா எங்க ஊரு மாட்ட வெச்சு பொழைக்கிற ஊருங்க. கறவையில இருக்குற ஒரு ஜெர்சி மாடு வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் குடிக்கும், தண்ணி கொறைஞ்சா அன்னைக்கு சாயங்காலமே பால் கொறையும். பக்கத்து வீட்டு அக்கா தொட்டியில கெணத்து தண்ணி ஊத்துனாங்க, மாடு மூக்க கிட்ட கொண்டு போய் மோந்து பாத்துட்டு தலைய திருப்பிக்கிச்சு, தவிடு போட்டு கலக்கி வெச்சும் வாய் வெக்கல, அக்கா அதோட கழுத்த தடவிட்டு குடிடி தங்கம் குடிடின்னு கெஞ்சிட்டு நிக்குறாங்க. கடைசில கேன்ல மீதி இருந்தத ஊத்துனாங்க, ஒரே மூச்சுல குடிச்சிடுச்சு, அன்னைக்கு ராத்திரி வீட்டுல சமைக்க தண்ணி இல்ல. இத நீங்க ஒரு தடவ பாத்திருந்தா குடிநீர் பிரச்சனை தீர்க்கப்பட்டதுன்னு நோட்டீஸ்ல எழுதியிருக்க மாட்டீங்க. தக்காளிக்கும் சாமந்திக்கும் பாயறது அந்த தண்ணி தான், களி கிண்டுற கேழ்வரகு வெளையறதும் அதுல தான், குளிக்கிறது துவைக்கிறது பாத்திரம் கழுவுறது எல்லாம் அது தான். துணி துவைக்கிற பொம்பளைங்க கைல தோல் உரியுது. ஆர்ஓ பிளான்ட் வெச்சா மாட்டுக்கும் தோட்டத்துக்குமா தண்ணி வரும்? அதுவும் இல்லாம ஆர்ஓவுல ஒரு பக்கம் நல்ல தண்ணி வந்தா இன்னொரு பக்கம் அழுக்கு எல்லாம் சேந்த ரிஜெக்ட் தண்ணி வரும், அத எங்க விடப்போறீங்க, எங்க ஊரு மண்ணுல தானே.

மீட்டிங்ல எல்லாரும் பாக்க ஒரு டிடிஎஸ் மீட்டர போட்டு காட்டுனாங்க, கேன் தண்ணியில கம்மி, கெணத்து தண்ணியிலயும் ஒண்ணும் பெருசா இல்லன்னு. டிடிஎஸ் மீட்டர் தண்ணியில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு தான் காட்டும், அதுக்குள்ள குரோமியம் இருக்கா நிக்கல் இருக்கான்னு அதுக்கு தெரியாது. ஆயிரத்துக்கு மேல காட்டுற தண்ணியில ஒரு உலோகமும் இல்லாம இருக்கலாம், நூத்தம்பது காட்டுற தண்ணியில விஷம் இருக்கலாம். மெடிக்கல் கேம்ப்லயும் பிபி பாத்தாங்க சுகர் பாத்தாங்க சத்து மாத்திரை குடுத்தாங்க, தண்ணிய காய்ச்சி குடிங்கன்னு சொன்னாங்க. காய்ச்சுனா கிருமி சாகும். உலோகம் போகாது, தண்ணி ஆவியா கொறைய கொறைய மிச்ச தண்ணியில அது இன்னும் கெட்டியாகும். இத நம்பி எங்க ஊருல வயசான ஒருத்தர் கெணத்து தண்ணிய நல்லா சுண்ட காய்ச்சி குடிச்சிட்டு இருந்தாரு, சொல்லி நிறுத்துனோம். தயவு செஞ்சு அடுத்த கேம்ப்ல அப்படி சொல்லாதீங்க. ரத்தம் மூத்திரம் எடுத்து உலோகம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் எடுங்க.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வந்த விஷயம். கேன் வாங்கும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க. கேன் வாங்கியதுக்கு ரசீதுன்னு சொல்லி தான் கேட்டாங்க, பாட்டிங்க எல்லாம் கைநாட்டு வெச்சிட்டாங்க. பேப்பர் முழுக்க இங்கிலீஷ். அந்த கெமிஸ்ட்ரி பொண்ணு தான் வாங்கி படிச்சு சொல்லிச்சு, கடைசி பத்தியில கம்பெனி மேல தண்ணி சம்மந்தமா இனிமே எந்த கோரிக்கையும் வெக்க மாட்டோம்னு இருக்கு. தாகத்துக்கு தண்ணி வாங்க வந்தவங்க கிட்ட உரிமைய எழுதி வாங்குறது எந்த ஊரு வழக்கம்? எங்க ஊருல வழிப்போக்கனுக்கு கூட சொம்புல தண்ணி குடுத்துட்டு தான் நீ யாருன்னு கேப்போம். அந்த பேப்பருங்க எல்லாத்தையும் திருப்பி குடுங்க. கிராம சபையில வெச்சு, இது செல்லாதுன்னு தமிழ்ல எழுதி கையெழுத்து போட்டு குடுங்க. இது நடக்காம வேற எதையும் உங்க கூட உக்காந்து பேசறதுக்கு ஜனங்க தயாரா இல்ல.

கேன் மேல, டேங்கர் மேல, பேனர் மேல எல்லாத்துலயும் சிஎஸ்ஆர்னு போட்டிருக்கீங்க. சிஎஸ்ஆர் என்னன்னு எங்களுக்கும் தெரியும், 2013 கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு, பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணனும். 2021ல கொண்டு வந்த திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு, வேற சட்டத்துப்படி நீங்க செஞ்சே ஆகணும்னு இருக்குற வேலைய சிஎஸ்ஆர் கணக்குல எழுத முடியாது. கெணறு உங்களால கெட்டுச்சுன்னு நாளைக்கு தெரிஞ்சா, அத சரி பண்றது உங்க கடமை. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வாங்கி குடுத்த கணக்கோட அத சேக்காதீங்க, போட்டோ எடுத்து போடாதீங்க.

வேலை போயிடும், கம்பெனி வேற எடத்துக்கு போயிடும்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள சுத்துது, யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியல. நாங்க கம்பெனிய மூடுங்கன்னு கேக்கவே இல்ல. எங்க ஊருல இருந்து பஸ் ஏறி பெங்களூர் போய் கட்டட வேலை பாத்த பசங்க இன்னைக்கு வீட்டுல இருந்து வேலைக்கு போறாங்கன்னா அதுல உங்க பங்கு இருக்கு, அத மறக்கல. அந்த பசங்க தான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து அதே மஞ்ச தண்ணியில குளிக்கிறாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அவங்கள கேட்டு நாங்க தொந்தரவு பண்ணல, நீங்களும் யாரு பேசுனாங்கன்னு அவங்கள கூப்ட்டு விசாரிக்காதீங்க.

தள்ளி போட்டா அடங்கிடும்னு நெனச்சா ராஜஸ்தான்ல உதய்பூர் பக்கத்துல பிச்ரின்னு ஒரு கிராமத்து கதைய உங்க லீகல் டிபார்ட்மென்ட்ட எடுத்து படிக்க சொல்லுங்க. சாயத்துக்கு போற எச் ஆசிட்னு ஒரு கெமிக்கல், மொத்தமே 375 டன் தான் செஞ்சாங்க, அதுக்கு 2,440 டன் கழிவு வெளிய கொட்டுனாங்க, மழையில கரைஞ்சு எறங்கி கெணத்து தண்ணி எல்லாம் செவந்து போச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட் கம்பெனி தான் பொறுப்புன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கப்பறமும் மனு மேல மனு போட்டு இழுத்தாங்க. 2011ல கோர்ட் 37 கோடி ரூபாய்க்கு மேல, அதுக்கு 12 சதவீதம் கூட்டு வட்டியும் சேத்து கட்ட சொல்லிச்சு. கம்பெனிக்கு இழுத்ததுல லாபம் இல்ல, ஆனா அந்த 15 வருஷத்துல அந்த ஊரு ஜனங்க எந்த தண்ணிய குடிச்சிருப்பாங்கன்னு தான் எனக்கு தோணுது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம ராணிப்பேட்டையில குரோமியம் ஃபேக்டரி மூடி எத்தன வருஷமாச்சு, லட்சக்கணக்கான டன் குப்பை இன்னும் மலையா கெடக்கு, சுத்தி இருக்குற நெலத்தடி தண்ணி கெட்டது கெட்டது தான். ஆரம்பத்துலயே நிறுத்துனா தான் உண்டு. எங்க கெணறு இப்ப அந்த ஆரம்பத்துல தான் இருக்குன்னு நான் நம்புறேன், அதனால தான் இவ்வளவு அவசரமா கேக்குறேன்.

எங்களுக்கு என்ன வேணும்னா, உங்க தண்ணி கணக்கு வேணும். மாசத்துக்கு எவ்வளவு தண்ணி உள்ள போகுது, எவ்வளவு ஆவியாகுது, எவ்வளவு திரும்ப பயன்படுத்துறீங்க, மீட்டர் ரீடிங்கோட. உள்ள போனதும் வெளிய வந்ததும் ஒத்து போகலன்னா மிச்சம் எங்கயோ எறங்குது. பிளேட்டிங் டேங்க்ல இருந்து வர்ற சேறு 90 நாளைக்கு மேல உள்ள வெச்சிருக்க கூடாதுன்னு 2016 அபாய கழிவு விதி சொல்லுது, அது லாரி ஏறி போனதுக்கான சீட்டு வேணும். காம்பவுண்டுக்குள்ள எத்தன போர் இருக்கு, அதுல பழசு எத்தன, ஒவ்வொண்ணுலயும் தண்ணி எப்படி இருக்குன்னு தெரியணும். பிளேட்டிங் ஷெட் தரையில, ஈடிபி தொட்டியில விரிசல் இருக்கான்னு வெளியாள வெச்சு பாக்கணும். பல நேரம் யாரும் வேணும்னு விடறதில்ல, தொட்டி கசியறது தெரியாமலே வருஷக்கணக்குல எறங்கிடும், அப்படித்தான்னா சொல்லுங்க, நாங்க ஒண்ணும் கல்ல தூக்கிட்டு வரப்போறதில்ல. அதுவரைக்கும் மாட்டுக்கும் புழங்கவும் சேத்து டேங்கர் தண்ணி, எந்த கையெழுத்தும் இல்லாம.

எல்லாத்துக்கும் முன்னாடி கெணத்து தண்ணிய ஒண்ணா சேந்து எடுக்கணும். நாங்க தனியா ஒரு லேப்ல குடுத்து பாத்தோம், குரோமியம் அளவுக்கு மேலன்னு தான் வந்துச்சு, ஆனா அந்த நம்பர இங்க எழுதல. நாங்களே எடுத்த சாம்பிள், முறையா எடுக்கலன்னு நீங்க சொல்லலாம். அதனால உங்க ஆள், எங்க ஆள், மாசு கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் மூணு பேரும் நின்னு எடுக்கலாம். ஒவ்வொரு கெணத்துலயும் மூணு பாட்டில், ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு சீல் வெச்சு வாரியத்துக்கு. மொத்த உலோகம் பாக்குற பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் விட்டு எடுக்கணும், ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு தனி பாட்டில், அதுல ஆசிட் விடக்கூடாது, ரெண்டுமே என்ஏபிஎல், அதாவது லேபுங்கள சோதிச்சு அங்கீகாரம் குடுக்குற தேசிய அமைப்பு, அதோட அங்கீகாரம் இருக்குற லேபுக்கு போகணும். ரிசல்ட் தமிழ்ல, ஐஎஸ் 10500 அளவு பக்கத்துலயே போட்டு, அதே பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல.

தேதி நீங்களே சொல்லுங்க, ஆனா காலையில வெச்சுக்கலாம். எங்க பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் மத்தியானத்துக்கு மேல நம்ப முடியாது, சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மோட்டார் ஓட்டி பழைய தண்ணிய வெளிய விடணும். சித்தப்பா கெணத்துக்கு வண்டி போகாது, ஏரிக்கரை மேல கொஞ்ச தூரம் நடக்கணும், வழி காட்ட நாங்க பஸ் ஸ்டாப்ல நிக்கிறோம்.

இப்படிக்கு,
கீழப்பக்கத்து ஊருல இருந்து ஒருத்தன், எங்க ஊரு ஜனங்க எல்லாருக்காகவும்